டிலாவா: கடலடியில் 75 வருடம் கிடந்த வெள்ளி

டைட்டானிக் தெரியாதவர் கிடையாது. ஆனால் ‘டிலாவா’ என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? இத்தனைக்கும் அது பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பல்.

1942 நவம்பர் 20. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் டிலாவா, மொம்பாசா, டர்பன் போகப் புறப்படுகிறது. மொத்தம் 958 பேர். ஆப்பிரிக்காவில் பிழைப்பு தேடிக்கொண்ட இந்தியக் குடும்பங்கள் அதில் நிறைய. சரக்கில், தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிக்க வாங்கிய 2,364 வெள்ளிக் கட்டிகள்.

23ஆம் தேதி அதிகாலை, செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே, ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. கப்பல் உடனே மூழ்கவில்லை. அதுதான் கொடுமை! இன்னும் மிதக்கிறதே என்று படகில் இருந்தவர்கள் திரும்ப ஏறப் பார்த்தபோது இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 பேர் போய்விட்டார்கள். மிச்சம் 678 பேர். இரண்டு நாள் கடலில் தத்தளித்தவர்களைப் பெரும்பாலும் மீட்டது பர்மிங்காம் என்ற போர்க்கப்பல்.

இங்கே ஒரு விஷயம். 1943 ஏப்ரலில், மடகாஸ்கர் பக்கம், ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டு போனதும் இதே ஐ-29 தான். நம்மூரில் நேதாஜி படம் மாட்டாத டீக்கடை குறைவு. அந்தப் படத்தோடு டிலாவாவை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

சரி, வெள்ளி என்ன ஆனது? சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழம். திண்டுக்கல் பூட்டு கூட அவ்வளவு பத்திரம் கிடையாது. 2017ல் அர்ஜென்டம் என்ற கம்பெனி அதை எடுத்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இறக்கியது. மூழ்கிய சரக்கை மீட்டவருக்கு அதன் மதிப்பில் ஒரு பங்கு வெகுமதி, இது பழைய கடல் வணிகச் சட்டம். தென்னாப்பிரிக்கா மறுத்தது. ‘இது அரசாங்கச் சொத்து, எங்கள் மேல் வழக்கே போட முடியாது’ என்றது.

வணிக நோக்கத்துக்குப் பயன்பட்ட சரக்கு என்றால் அந்த விலக்கு கிடையாது. பணம் கொடுத்து வாங்கி, கூலி கொடுத்துக் கப்பலில் ஏற்றியது வணிகம்தானே என்று கீழே இரண்டு கோர்ட்டும் கம்பெனி பக்கம் நின்றன. 2024 மே 8ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கப்பல் வேண்டுமானால் வணிகத்தில் இருந்தது, அதன் அடியில் சும்மா கிடந்த வெள்ளி எதற்கும் ‘பயன்படவில்லை’ என்பது அவர்கள் வாதம். படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனால் யோசித்தால் சரிதான்.

வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு வருவதற்குள் இரண்டு தரப்பும் தங்களுக்குள் சமாதானமாகப் பேசி முடித்துவிட்டன.