கவலை ஓட்டிய மாமாவும் எஃப்.எம். ரேடியோவும்

எங்கள் ஊரில் ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். சேந்தமங்கலம் பக்கத்துச் சின்ன ஊர். அறுபதுகளில் பஞ்சாயத்து ஆபீசுக்குள் ஒரு பெட்டி இருக்கும், கூரைக்கு மேல் கூம்பு மைக். பொழுது சாய்ந்ததும் தோட்டி வந்து திருப்பி விடுவார். திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சி, டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி வாசிக்கும் செய்தி எல்லாம் திண்ணையில் உட்கார்ந்தபடியே காதில் விழும். பாட்டு வேண்டுமானால் சிலோன். அது யார் வீட்டிலாவது டிரான்சிஸ்டர் இருந்தால் உண்டு.

அந்தப் பெட்டியின் மேல் ஜனங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் பலரும் போட்டார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது. ஆனால் ஒன்று. அது எங்களிடம் பேசியதே தவிர, நாங்கள் அதில் பேசியதில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் குரல் அதில் வரும் என்று யாரும் நினைத்ததுகூட இல்லை.

நினைக்கவும் வழியில்லை. ஒலிபரப்பு முழுக்க அரசாங்கத்தின் கையில் இருந்தது. காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004 பிப்ரவரி 1-ல் ஆரம்பித்தது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தலாம் என்று வந்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தந்தப் பகுதி மக்கள் பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும், வட்டார மொழிக்கு முதலிடம் தர வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. நடப்பில் எப்படி என்பதற்குத்தான் இந்தக் கதை.

2013 வாக்கில் என்று நினைக்கிறேன். பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று நடத்திய வானொலியில், பழைய விவசாயம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள் என்று கேட்டார்கள். நான் எங்கள் வளவிலிருந்த மாமா ஒருவரைக் கூட்டிப் போனேன். கரண்டு மோட்டார் வருகிற வரை கவலை ஓட்டியவர். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: இரண்டு மாடு பூட்டி, வடக்கயிறு கட்டி, கிணற்றிலிருந்து சாலில் தண்ணீர் இறைப்பது. மாடு வாரியில் கீழே இறங்கும்போது சால் மேலே வரும். பிறகு மாடு பின்னாலேயே நடந்து மேலேற வேண்டும். அந்தப் பின்நடைக்குத்தான் பாட்டு என்பார் மாமா. பாட்டு நின்றால் மாடும் நின்றுவிடுமாம்.

ஸ்டுடியோ ஏ.சி. ரூம். வெள்ளை வேட்டி சட்டையில் மாமா மைக் முன்னால் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேட்டி எடுத்த தம்பி தங்கமான பையன். ஆனால் இரண்டு வரி தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டார்.

"ஐயா, வெருசான்னு சொன்னா நேயர்களுக்குப் புரியாது. விரைவாகன்னு சொல்லுங்க. கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசலாமுங்களா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் மாப்ளே, நான் பேசறது தமிழ் இல்லையா?"

அதன்பின் "வணக்கம் நேயர்களே" என்று சொன்னார், எட்டாம் வகுப்புப் பையன் மேடையில் ஒப்பிப்பதைப் போல. பாட்டு வரவே இல்லை. மறந்து போச்சுங்க என்றார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தத் தம்பி ராசிபுரத்துக்காரர், வீட்டில் அவரும் 'வெருசா' என்றுதான் பேசுவார்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆந்திராவில், இப்போது தெலங்கானா, ஜாகீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற கிராமத்தில் 2008-லேயே தலித் பெண்கள் தாங்களே 'சங்கம் ரேடியோ' நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். விதை, மானாவாரிப் பயிர், பாட்டு எல்லாம் அவர்கள் பேசும் தெலுங்கிலேயே. நம் பாம்பனில் 2016-ல் வந்த 'கடல் ஓசை' மீனவர்களுக்கான நிலையம். காற்றையும் கடல் நிலையையும் அவர்களுக்குப் புரிகிற சொல்லில் சொன்னால்தானே உயிருக்குப் பாதுகாப்பு? அங்கே போய் நல்ல தமிழ் பேசு என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் அந்தத் தம்பியைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. பத்து நாள் கழித்து அவராகவே எங்கள் ஊருக்கு வந்தார், கையில் சின்ன ரெக்கார்டரோடு. மாமாவைப் பாழடைந்த கிணற்றுமேட்டுக்குக் கூட்டிப்போய், வாரி இருந்த இடத்தில் நிறுத்தி, "மாடு இங்கதான் திரும்புமுங்களா?" என்று மட்டும் கேட்டார். மாமா மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். செவலை, காரி என்று பேர் சொல்லி, எது சோம்பேறி, எது முட்டும் என்றெல்லாம். தும்பி கிழிந்து தண்ணீர் பாதி கிணற்றுக்கே போன கதை சொன்னார். அப்புறம் பாட்டு தானாகவே வந்தது. கேட்கக்கூட இல்லை.

ஒலிபரப்புகிற நாள் சொன்னார்கள். அங்கேதான் சிக்கல். இந்த மாதிரி நிலையங்களுக்குச் சக்தி நூறு வாட் அளவுதான், கோபுரமும் முப்பது மீட்டருக்குள். நல்ல சமவெளியிலேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். எங்கள் ஊருக்கு வெறும் இரைச்சல். எங்கள் ஊர்க்காரர் பேசுவதைக் கேட்க எங்கள் ஊரிலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது! மாமாவை என் டி.வி.எஸ்.50-ல் பின்னால் உட்கார வைத்து, இன்னும் நான்கைந்து வண்டிகளோடு மெயின் ரோட்டில் போனோம். நடுநடுவே நிறுத்தி, பட்டன் போனில் இயர்போனைச் சொருகிப் பார்ப்பது. அந்த ஒயர்தான் ஏரியல், அது இல்லாமல் எஃப்.எம். எடுக்காது. ஒரு புளியமரத்தடியில் சுத்தமாகக் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சுற்றி நின்றோம்.

இருபது நிமிடம். மருமகள் இன்னொரு போனில் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பாட்டு வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "இது நானில்லை மாப்ளே. எங்கய்யன் பாடற மாதிரியே இருக்குது."

இரண்டு வருடத்தில் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். காரியத்தன்று அந்தப் பதிவைப் போட்டார்கள். நிலையத்தில் மூலப் பதிவு இருக்கிறதா என்று பிறகு விசாரித்தேன். கம்ப்யூட்டர் மாற்றியபோது போய்விட்டதாம். இப்போது இருப்பது புளியமரத்தடியில் எடுத்தது மட்டும்தான். அதில் பாட்டின் நடுவே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. நாமக்கல் ரோட்டில் லாரி இல்லாமலா? பேரன் அதை ஏதோ செய்து நீக்கித் தருகிறேன் என்கிறான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.