விராலின் கூடு

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊருக்கு மேற்கில் ஏரி. ஏரிக்குக் கீழே வயல்கள். கரையை அடுத்து நீர் ஆழமாக இருக்கும். எதிர்ப்புறமாகிய உள்வாய்ப் பக்கம் செல்லச் செல்ல ஆழம் குறைந்து, முடிவில் கோரையும் அல்லியும் அடர்ந்த ஈரநிலமாக முடியும். ஏரியின் செல்வம் எல்லாம் மதகடி ஆழத்தில்தான் இருக்கிறது என்று இளமையில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்று காட்டியவர் என் தாத்தா.

ஓர் ஐப்பசி மாதம். நான்கு நாள் மழைக்குப்பின் வானம் வெளுத்திருந்தது. தாத்தா என்னை உள்வாய்க்கு அழைத்துச் சென்றார். முழங்கால் அளவு நீரில், கோரைகளுக்கு இடையே, முறத்தின் அகலத்திற்கு ஓரிடம் புல் பூண்டு இன்றித் துப்புரவாக இருந்தது. “யார் தாத்தா இங்கே களை பறித்தார்?” என்று கேட்டேன். “விரால் பறித்தது, தம்பி. ஆணும் பெண்ணும் வாயால் கடித்துக் கடித்து ஒதுக்கியிருக்கின்றன. அதுதான் அவற்றின் வீடு” என்றார். உற்று நோக்கினேன். நீரின்மேல் கடுகினும் சிறிய மஞ்சள் நிற முட்டைகள் ஆயிரக்கணக்கில் மிதந்தன. அவற்றின் கீழே கரிய நிழல் ஒன்று அசையாமல் நின்றது.

பரந்த ஏரியை விட்டு, கொக்கும் மனிதனும் எளிதில் வரக்கூடிய ஓரத்தை அம்மீன் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை பின்னாளில் படித்தபோது கிடைத்தது. ஆழமற்ற நீர் வெயிலில் விரைவில் வெதுவெதுப்படைகிறது. அவ்வெப்பத்தில் விரால் முட்டைகள் ஒன்றிரண்டு நாள்களிலேயே பொரிந்துவிடுகின்றன. குஞ்சுகளுக்கு உணவாகும் நுண்ணுயிர்கள் அங்கேதான் மிகுதி. கோரை மறைவும் தருகிறது. வட அமெரிக்காவின் ஏரிகளிலும் குளங்களிலும் ‘சூரிய மீன்’ என்னும் நன்னீர் மீன் ஒன்று உண்டு. அதன் ஆணும் வெயில் படும் ஆழமற்ற ஓரத்தையே நாடுகிறது. மணலிலோ சரளையிலோ வாலால் வட்டக் குழி பறித்து, முட்டைகளுக்கு வாலை விசிறிக் காவல் நிற்கிறது. இரண்டும் உறவில்லாத இனங்கள். ஆயினும் ஒரே வகையான இடத்தைத் தேர்ந்துள்ளன.

குழி பறிக்கும் மீனைக் காண நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, இன்று எங்கும் பரவிவிட்ட ஜிலேபி மீன் அத்தகையதே. கோடையில் நீர் வற்றும்போது எங்கள் ஏரி ஓரத்துச் சேற்றில், தட்டுகளை நெருக்கமாக அழுத்தி எடுத்தாற்போல வட்டக் குழிகள் தோன்றும். பன்றி கிளறியது என்பார் சிலர். அவை ஆண் ஜிலேபிகள் பறித்த குழிகள். குழியில் இட்ட முட்டைகளைப் பெண் மீன் தன் வாயில் ஏந்திக் கொண்டு போய்விடுகிறது. பழவேற்காட்டு உவர்நீரில் வாழும் சேத்துக்கெண்டையோ நீரில் மூழ்கிய கல்லிலும் கட்டையிலும் முட்டைகளை வரிசையாக ஒட்டுகிறது. பொரிந்த குஞ்சுகளைச் சேற்றில் பறித்த சிறு பள்ளங்களுக்கு மாற்றிக் காக்கிறது. கட்லாவும் ரோகுவும் வேறு இயல்பின. தேங்கிய குளத்தில் அவை முட்டையிடுவதில்லை. அவற்றுக்குப் பெருகி ஓடும் ஆற்று வெள்ளம் வேண்டும். 1957ஆம் ஆண்டு ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் ஊசி மருந்தின் துணையால் அவ்வினக் கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதற்கு முன் அவற்றின் குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது.

மீண்டும் எங்கள் விராலிடம் வருகிறேன். சில நாள் கழித்து, தாத்தாவுக்குத் தெரியாமல் தூண்டிலுடன் சென்றேன். குஞ்சுகள் பொரிந்து, செந்நிறத் துணி விரித்தாற்போல நீரின்மேல் கூட்டமாகத் திரிந்தன. குஞ்சு காக்கும் விரால், அருகே வரும் எதனையும் பாய்ந்து கடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தவளைக் குஞ்சைக் கோத்து அக்கூட்டத்தின் நடுவே இட்டேன். நீர் வெடித்தது. என் முழங்கை நீள மீன் கரையில் துள்ளிற்று. மறுமுறையும் இட்டேன், அதன் இணையும் அகப்பட்டது.

வீட்டில் பாட்டி மகிழ்ந்தாள். தாத்தா உணவு கொள்ளவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. மறுநாள் விடியலில் என்னை அங்கே அழைத்துச் சென்றார். செந்நிறத் துணி கிழிந்து கிடந்தது. கெளிற்று மீன்கள் கீழிருந்து கொத்தின. மீன்கொத்தி மேலிருந்து பாய்ந்தது. தண்ணீர்ப் பாம்பு ஒன்றும் அங்கே திரிந்தது. வெயில் ஏறுவதற்குள் அவ்விடத்தில் நீர் மட்டுமே இருந்தது. நான் அழுதேன் என்று எழுதினால் அது பொய். இரவில் உண்ட குழம்பின் சுவையே அப்போதும் நாவில் இருந்தது. அழுகை பல ஆண்டுகள் கழித்து, என் முதல் மகன் பிறந்த ஒரு நாளில் வந்தது.

சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போனேன். ஏரியை ஆழப்படுத்தியிருந்தார்கள். நீர் நிரம்பிக் கடல்போல் காட்சியளித்தது. உழவர்க்கு அது நன்மையே. ஆனால் உள்வாய்ப் பக்கம் சவுடு மண்ணை இயந்திரத்தால் அள்ளியிருந்தமையால், ஓரம் சுவர்போல் செங்குத்தாக நின்றது. கோரை இல்லை, கால் வைத்தால் தலைக்குமேல் நீர். முட்டையிட இடம் தேடி விரால்கள் அச்சுவர் ஓரமாக எத்தனை முறை சுற்றினவோ!

வடமேற்கு மூலையில், மாடுகள் நீருண்ண இறங்கும் சரிவு மட்டும் வெட்டப்படாமல் இருந்தது. அங்கே சிறிது கோரையும் இருந்தது. அதனருகே கையளவு செந்நிறக் கூட்டம் ஒன்று அசைந்தது. கரையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தூண்டிலோடு நின்றிருந்தான்.

“தம்பி, இங்கே வா. இந்தக் கோரைக்கு நடுவே களை பறித்தவர் யார், சொல் பார்க்கலாம்” என்று அழைத்தேன். தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் நீரில் இறங்கி வந்தான்.