எவ்வளவு பெரிய சன்னம் போதும்?

பெரிய மிருகங்களை வேட்டையாட எந்தக் கலிபர் கைத்துப்பாக்கி நல்லது? அமெரிக்க வேட்டைக்காரருக்குள் இது முடியாத விவாதம். வன்னியில் பிறந்த எனக்கோ பிஸ்டல் எண்டால் ஆள் சுடுகிற சாமான், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் மானும் கரடியும் சுடுவார்கள் என்பதே புதினமாக இருந்தது. மூன்றாம் வருடத்தில் கொலனித்துவ கால வேட்டை பற்றி ஓர் ஒப்படை செய்யவேண்டி வந்தது. வாசிப்பு அங்கே இங்கே இழுத்துக்கொண்டுபோய் கடைசியில் இந்த விவாதத்துக்குள் விட்டது. முதலில் சிரிப்பாகத்தான் கிடந்தது. போகப்போக, இவர்கள் உண்மையில் எதைப்பற்றிக் கதைக்கிறார்கள் எண்டு யோசிக்கத் தொடங்கினேன்.

கலிபர் என்பது துவக்குக் குழலின் உள்விட்டம். உலகில் பல நாட்டுப் பொலிஸாரின் இடுப்பில் தொங்குவது 9 மில்லிமீற்றர் பிஸ்டல். கைத்துப்பாக்கி வேட்டைக்குப் பேர்போன .44 மெக்னம் ரிவோல்வரின் சன்னம் ஏறக்குறைய 10.9 மில்லிமீற்றர். வித்தியாசம் 2 மில்லிமீற்றர்கூட இல்லை. ஆனால் நிறையைப் பாருங்கள்: 9 மில்லிமீற்றர் சன்னம் வழமையாக ஏழரை கிராம் அளவில் இருக்கும், .44 மெக்னத்தின் சன்னம் பதினைந்தரை கிராம். அயிடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரரும் துப்பாக்கி எழுத்தாளருமான எல்மர் கீத், பழைய .44 ரவையில் மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பரீட்சித்து, கம்பனிகளுக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அதன் விளைவாக 1950களின் நடுவில் இந்த ரவை சந்தைக்கு வந்தது. 2003இல் அதையும் தாண்டி .500 வந்தது. அதன் விட்டம் 12.7 மில்லிமீற்றர்.

அப்ப எல்லாரும் ஆகப் பெரியதை வாங்கினால் சரிதானே? இல்லை எண்டுதான் அனுபவக்காரர் சொல்கிறார்கள். பெரிய ரவை கையைப் பின்னால் தூக்கி அடிக்கும். ரெண்டு தரம் அடி வாங்கினவருக்கு, மூன்றாம் தரம் விசையை இழுக்க முதலே கண் மூடும், கை நடுங்கும். சன்னம் நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகும். நுரையீரலிலோ இதயத்திலோ பட்ட மான் கொஞ்சத் தூரம் ஓடி விழுந்துவிடும். வயிற்றில் பட்டது மணிக்கணக்கில் கிடந்து சாகும். கைத்துப்பாக்கியின் குழல் கட்டை என்பதால் சன்னத்தின் வேகமும் றைபிளைவிட நல்லாய்க் குறைவு. அதனால் பெரிய மிருகத்துக்கு விரிந்து நின்றுவிடும் சன்னத்தைவிட, ஆழமாக உள்ளே போகிற கனமான, கெட்டியான ஈயச் சன்னத்தைப் பலர் தேர்கிறார்கள். தொலைநோக்கி பூட்டாத ரிவோல்வர் எண்டால் 50 மீற்றருக்குள் போகாமல் சுடாதே என்பது பொதுவான புத்திமதி. மொத்தத்தில், உன்னால் நிதானமாகச் சுடக்கூடியவற்றுக்குள் பெரியதை எடு என்பதே அவர்களுடைய பதில்.

இந்த மில்லிமீற்றர், கிராம் கணக்குகளை எல்லாம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: அந்த மிருகம் சாக எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒண்டு உறுத்துது. கையில் றைபிள் வாங்க வசதியிருக்க, சவாலுக்காகக் கைத்துப்பாக்கியைத் தேர்வது மனிசன். அந்தச் சவாலில் பிழைத்தால் விலை குடுப்பது மான்.

கலிபரைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பதால் ஒருவர் நல்லவராகிவிடுவதும் இல்லை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கர் அதற்கு உதாரணம். இலங்கை வேட்டையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் துவக்குகளைப் பற்றிய விளக்கம் தாராளமாக இருக்கிறது. எந்த நிறைக் குண்டு, எவ்வளவு மருந்து, யானையின் நெற்றியில் எந்த இடம் என எல்லாமே கணக்கு. அவரிடம் நாலு அவுன்ஸ், அதாவது 110 கிராமுக்கும் மேலான குண்டு போடும் றைபிள் ஒன்று இருந்தது. .44 மெக்னம் சன்னத்தைப்போல ஏழு மடங்கு. மரையை வெள்ளைக்காரர் 'எல்க்' எண்டு எழுதினார்கள். அதை அவர் நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் குத்தினார். அவருக்கு முந்திய மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுபவர். எதால் சுடுவது எண்டு அவ்வளவு கவனமாக யோசித்தவர்கள், ஏன் சுடுவது எண்ட கேள்விக்கு வரவேயில்லை.

எங்கட பக்கத்தில் கலிபர் எண்ட சொல்லே கிடையாது. அப்பப்பாவிடம் இருந்தது இடியன் துவக்கு. குழலின் வாயால் மருந்தைப் போட்டு, தும்பை அடைத்து, கம்பியால் இடித்து, மேலே ஈயச் சன்னங்களைப் போடுவது. கிடைத்த இரும்புக் குழாயின் விட்டம்தான் அதன் கலிபர். ஒரு வெடி தவறினால் அடுத்ததற்கு நேரமில்லை. "கிட்டப் போகேலாதெண்டால் சுடக்கூடாது மோனை. காயப்பட்டு ஓடினா விடியவிடிய எண்டாலும் பின்னால போகோணும்" எண்டு சொல்வார். எல்மர் கீத் ஆரெண்டு அவருக்குத் தெரியாது. ஆனால் அமெரிக்கக்காரர் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் அந்த ரெண்டு வசனத்திலும் இருக்குது. அதுக்காக அவரைத் தியாகியாக்க வரவில்லை. பன்றி வத்தல் அவருக்கு உயிர், சட்டத்தைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை.

இப்ப காட்டுக்குள் இருப்பது வேற சாமான். கட்டுத்துவக்கு. அதே இடியன்தான், ஆனால் பிடிக்க ஆள் இல்லை. மரத்தோடு கட்டி, பன்றி வரும் பாதைக்குக் குறுக்கே கம்பியை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஹக்கபட்டாஸும் அப்படித்தான்: தீனிக்குள் வெடியை வைத்துவிட்டால் கடிப்பது எதுவோ அதன் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்தால், தின்ன வழியில்லாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

பன்றியின் நெஞ்சு உயரம்தான் மனிசரின் முழங்கால் உயரம். எங்கட ஊரில் ஒருத்தர் பாலைப்பழம் பொறுக்கப் போய் அப்படித்தான் காலை இழந்தார். போர் முழுக்கத் தப்பின கால் அது. வெடிச்சத்தம் கேட்டதும் அம்மா என்ர கையைப் பிடிச்ச பிடி இண்டைக்கும் ஞாபகம் இருக்குது.

கமக்காரரைக் குற்றம் சொல்வது எனக்கு லேசில்லை. ஒரு இரவில் பன்றி கிளறிவிட்டுப் போன மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்தவருக்கு அந்தக் கோபம் விளங்கும். ஆனால் எந்தச் சன்னம் போதும், எவ்வளவு கிட்டப் போகவேண்டும், காயப்பட்டால் என்ன செய்வது எண்ட கேள்விகளைக் கேட்கத் துவக்குக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கவேண்டும். பேக்கரைப்போலப் பிழையான ஆள் எண்டாலும் அவரோடு சண்டை பிடிக்கலாம், சட்டம் போட்டு மறிக்கலாம். கட்டுத்துவக்கோடு ஆர் கதைப்பது? அது ஆரைச் சுட்டது எண்டு பார்க்கவே விடிஞ்சாப் பிறகுதான் ஆள் வரும்.