பாலாற்றுப் பாலத்தில் ஒரு பகல்

பாலாறு என்றதும் நம் அன்பர்கள் வாணியம்பாடியையும் வேலூரையும் நினைப்பார்கள். நந்தி மலையில் தோன்றும் அந்த ஆறு வேறு. நான் சொல்ல வந்தது, மாதேஸ்வரன் மலைக்குத் தெற்கே காட்டோடைகளைச் சேர்த்துக்கொண்டு வந்து காவிரியில் கலக்கும் சிற்றாறு. இரு மாநிலங்களுக்கும் இடையே அதுவே எல்லை. இக்கரையில் கர்நாடகம், அக்கரையில் தமிழகம், நடுவே ஒரு பாலம், ஒரு சோதனைச் சாவடி, வறுத்த மீன் விற்கும் சில கடைகள். ஊர் என்று சொல்லத்தக்கது இவ்வளவே.

இந்த எல்லையும் பழையதன்று. கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை ராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. மொழிவழிப் பிரிவினையின்போது மைசூர் ஜில்லாவோடு இணைந்தது. 1997-இல் சாமராஜநகர் ஜில்லா பிரிந்தபோது அதனோடு போயிற்று. ஆகவேதான் இங்குள்ள கோபிநத்தம் முதலிய சிற்றூர்களில் இன்றும் வீட்டுமொழி தமிழாக இருக்கிறது.

சென்ற சித்திரையில் மனைவியோடும் தங்கையோடும் அவள் மகனோடும் மைசூரிலிருந்து புறப்பட்டேன். கொள்ளேகால், ஹனூர் வழியாக மலைக்குச் சென்று சுவாமி தரிசனம் முடித்து, மறுபக்கம் இறங்கிக் கொளத்தூர் போய்ச் சேர்வது எங்கள் நோக்கம். தங்கையின் கணவர் இந்த இறக்கத்தில்தான் அதற்கு முந்தைய ஆண்டு மோட்டார் சைக்கிளோடு விழுந்து உயிர் நீத்தார். முதலாண்டுத் திதிக்கு முன் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலையிலிருந்து பாலாறு வரை காடுதான். வளைவுக்கு வளைவு மூங்கிற்புதர். எதிரே வருவது பேருந்தா யானையா என்று முகத்துக்கு முகம் வந்த பின்புதான் தெரியும். ஒரு காலத்தில் இந்தச் சாலையில் வண்டி ஓட்டவே அஞ்சினார்கள். 1993 ஏப்ரல் 9-இல் வீரப்பன் கூட்டத்தார் பாலாற்றருகே புதைத்து வைத்த கண்ணிவெடியால் 22 பேர் மாண்டார்கள். 2004-இல் வீரப்பன் மறைந்தான். அந்த அச்சம் நீங்கிற்று. அமாவாசைதோறும் தமிழகத்திலிருந்து வண்டி வண்டியாக யாத்திரிகர்கள் வருகிறார்கள். சரக்கு வண்டியில் முப்பது பேரை நிற்க வைத்து ஏற்றி வருவதையும் கண்டேன். நடுவே கைக்குழந்தை வேறு!

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு எதையும் தண்டவாளக் கணக்கில் பார்க்கும் புத்தி போகாது. எங்கள் மைசூர்க் கோட்டத்துச் சக்லேசபுரம்–சுப்பிரமணியா மலைப்பாதையில் வண்டி நினைத்த வேகத்தில் இறங்க முடியாது. வேகம் எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். மலைப்பாதைகளில் பிடி இழந்த வண்டியைத் திருப்பி மேட்டில் ஏற்றி நிறுத்தத் தனித் தடமே போட்டு வைப்பதுண்டு. சாலையிலோ அத்தனையும் ஓட்டுநர் ஒருவரின் காலையும் கையையும் நம்பி இருக்கிறது. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் பாடம். கியர் குறைந்திருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலுக்கு ஆசைப்பட்டு எஞ்சினை அணைத்து உருட்டினால் பிரேக் ஒன்றையே மிதித்து இறங்க நேரும். அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். குறுகிய மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. அதை அறிந்தவர் எத்தனை பேர்? நான் கண்ட எச்சரிக்கைப் பலகைகளில் பெரும்பாலானவை கன்னடத்திலேயே இருந்தன. சேலத்திலிருந்து வரும் ஓட்டுநர் அவற்றைப் படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போவார். தங்கை மகன் மைசூர்ப் பள்ளியில் படிப்பவன்; ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்துத் தாய்க்குத் தமிழில் சொல்லி வந்தான். “மெதுவாகச் செல்க” என்பதை அவன் படித்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சத்தியமங்கலத்துத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. காட்டு விலங்குகளை முன்னிட்டு, நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரியில் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தமானில் நம்மவர் பலர் குடியேறியிருக்கிறார்கள். அங்கே ஜிர்க்காட்டாங்கிலிருந்து ஜாரவா மக்களின் காட்டினூடே செல்லும் வண்டிகள், குறித்த நேரத்தில், காவலர் துணையோடு, ஒன்றையொன்று முந்தாமல் வரிசையாகப் போக வேண்டும். ஜாரவா மக்களின் நலத்துக்காக ஏற்பட்ட விதி அது. எனினும் அமாவாசை நாட்களில் நம் மலைச்சாலைக்கும் அது ஏற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீவு என்றால் கடல்தான் சூழ வேண்டும் என்பதில்லை. கோபிநத்தத்துக்கு ஒரு பக்கம் காவிரி, மற்றப் பக்கங்களில் காடு. நெடுந்தீவில் அடிபட்டவர் குறிகாட்டுவானுக்குப் படகு பார்த்து நிற்பதுபோல, இங்கே அடிபட்டவர் வருகிற வண்டியைப் பார்த்துக் கிடக்க வேண்டும். எங்கள் மைத்துனரும் அப்படித்தான் கிடந்தார். இரண்டு கார்கள் நின்று பார்த்துவிட்டுப் போயினவாம். போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அஞ்சியிருப்பார்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படிக்கூட வற்புறுத்தக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134-ஏ பிரிவின் கீழ் ஏற்பட்ட விதிகள் கூறுகின்றன. இதை நம் சங்கத்துக் குடும்பங்களாவது அறிந்திருக்கட்டும். ஊருக்குப் போகும்போது நாம் எல்லோரும் ஏதேனும் ஒரு மலைப்பாதையைத் தாண்டித்தானே போகிறோம்?

மூன்றாவதாக வந்து நின்றது ஒரு மீன் வண்டி. அதில் ஏற்றிப் பாலாறு வரை கொண்டுவந்து, கடைக்கார அம்மாள் ஒருவரின் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினார்களாம். அந்த அம்மாளைத் தேடிப் போனோம். தங்கையைக் கண்டதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை; கையைப் பற்றிக் கட்டிலில் உட்கார வைத்தார். “தண்ணீர் கேட்டாரு கண்ணு, குடுத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

பாலத்தடியில் அணைநீர் எட்டும் தூரத்தில் தேங்கிக் கிடந்தது. பையன் பரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இரவுக்குப் பின் கடைக்கார அம்மாள் பெரிய டார்ச் விளக்கு ஒன்று வாங்கிக் கூரையில் மாட்டி வைத்திருக்கிறார். மேலே சத்தம் கேட்டால் எடுத்துக்கொண்டு ஓடுவதற்காம். பக்கத்துக் கடையில் அதற்கு மின்கலம் வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டவர், நாங்கள் தின்ற மீனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் செய்துவிட்டார்.