கட்டியவர் யார்?



சிவப்பு மையால் நான் இட்ட பிழைக்குறி ஒன்று, தம்போயிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பத்து காஜாவரை என்னை அழைத்துச் சென்றது. அதைத்தான் இன்று எழுத விழைகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்காகக் கருத்துணர்தல் பயிற்சி ஒன்றைத் தயாரித்திருந்தேன். பேராக் மாநிலத்தின் கெல்லி மாளிகையைப் பற்றிய பத்தி அது. ‘இம்மாளிகையைக் கட்டியவர் யார்?’ என்பது முதல் வினா. வில்லியம் கெல்லி ஸ்மித் என்பதே நான் எதிர்பார்த்த விடை. ஒரு மாணவி மட்டும் ‘மதராசிலிருந்து வந்த தமிழர்கள்’ என எழுதியிருந்தாள். பிழையெனக் குறித்தேன்.

மறுநாள் அவள் பயிற்சிப் புத்தகத்தோடு என் மேசையருகே வந்து நின்றாள். “ஐயா, பத்தியிலும் அப்படித்தானே இருக்கிறது? என் அப்பாவும் வீடு கட்டும் வேலைதான் செய்கிறார். அந்த வீடுகளை அப்பா கட்டியவை என்றுதானே நாங்கள் சொல்லுகிறோம்?” என்றாள். மணி அடித்துவிட்டது. “அடுத்த முறை வினாவைக் கவனமாகப் படி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வினாவைக் கவனமாக எழுதாதவன் நான்தான் என்பது அன்றிரவு உறைத்தது.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு புறப்பட்டேன். கோப்பேங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையோரம், ராயா ஆற்றின் கரையில், சிறு குன்றின்மேல் நிற்கிறது அம்மாளிகை. ஸ்கா்ட்லாந்தில் 1870இல் பிறந்த ஸ்மித், இருபது வயதில் மலாயா வந்தவர். காடழிக்கும் குத்தகையில் பொருளீட்டி, நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டு, தம் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் எனப் பெயரிட்டார். முன்பு குடியிருந்த இல்லம் போதாதென்று, 1915இல் இப்புதிய மாளிகையைத் தொடங்கினார்.

ஸ்காட்லாந்துக் கோட்டையின் கம்பீரம், மூரியப் பாணியின் குதிரைலாட வளைவுகள், இந்திய வேலைப்பாடு ஆகிய மூன்றும் அங்கே கலந்திருக்கின்றன. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்தே வந்தன; மதராசிலிருந்து எழுபது கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டதாகக் கூறுவர். ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கிக்கென விடப்பட்ட குழி இன்றும் வெறுமையாகவே உள்ளது. பூச்சுப் பெறாத சுவரொன்றில் கை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு செங்கல்லையும் ஒருவர் எடுத்து, நூல் பிடித்து, அடுக்கியிருக்கிறார். அவர் பெயரை எந்தச் சுவரிலும் நான் காணவில்லை.

வேலை நடந்த காலத்தில் நோய் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். அது 1918இல் உலகையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் என்பர். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென எஞ்சியோர் கேட்க, ஸ்மித் இசைந்தார் என்று சொல்லப்படுகிறது. மாளிகைக்குச் சற்றுத் தொலைவிலுள்ள அக்கோயிலின் மேற்புறத்தில், தெய்வச் சிலைகளுக்கிடையே, வெள்ளை உடையும் தொப்பியுமாக ஸ்மித்தின் உருவம் நிற்கிறது. தொழிலாளர்கள் தங்கள் நன்றியைச் சிலையாக்கி வைத்தார்கள். அவர்களுக்கு யார் சிலை வைத்தார்கள்?

ஸ்மித் 1926இல் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றது; அவர் மனைவி சொத்தை விற்றுவிட்டார்.

திரும்பும் வழியில் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வந்தது. அங்குள்ள கல்வெட்டில் இராசராசன் தான் ‘எடுப்பித்த’ கோயில் என்றே சொல்கிறான். எடுத்த என்று சொல்லவில்லை. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரும் அக்கோயில் கல்வெட்டில் உண்டு. தன்வினை, பிறவினை கற்பிக்கும் ஆசிரியனாகிய நான், ‘கட்டுவித்தவர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கட்டியவர்’ என்று எழுதியிருந்தேன். அப்பிழையைச் சுட்டிய குழந்தைக்குத்தான் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன்.

பள்ளி திறந்த முதல் நாள், வகுப்பின் முன்னிலையில் அவள் புத்தகத்தை வாங்கிப் பிழைக்குறியை அடித்துச் சரியெனக் குறித்தேன். “ஆசிரியர் வினாவைத் தவறாக எழுதிவிட்டேன்” என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிருந்தது. பிறகு கரும்பலகையில் இரண்டு வினாக்கள் எழுதினேன்: மாளிகையைக் கட்டுவித்தவர் யார்? கட்டியவர்கள் யாவர்?

அன்று மாலை அம்மாணவியை அழைத்துச் செல்ல அவள் தந்தை வந்திருந்தார். சட்டையில் சிமெண்டுத் தூசி. புத்தகத்தை விரித்து அவரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்னை நோக்கிக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.

பெற்றோர்களே, விடுமுறையில் வாய்ப்புக் கிட்டினால் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். மாளிகையோடு நின்றுவிடாமல் கோயிலையும் காட்டுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.