மே மாதம் கூப்பிடுங்கள்

பிப்ரவரி 24, 2023

காப்பீட்டு அலுவலகத்தில் போனை எடுத்த பெண் சொன்னதில் உருப்படியானது ஒன்றுதான்: "இன்னையிலிருந்து எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க." போன் செய்தவர் அதற்காகவே ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்து வைத்திருக்கிறார்.

ஊர், மினசோட்டா மாநிலத்து டுலூத். சுப்பீரியர் ஏரியைப் பார்த்தபடி ஏறும் மலைச்சரிவில் 1920களில் கட்டிய ஒன்றரை மாடி மரவீடு. அதில் தனியாக இருக்கும் அவர் ஓய்வுபெற்ற பள்ளி நூலகர். மாடி அறையின் சரிந்த மச்சில் நேற்றுக் காலை பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. சாயங்காலம் சொட்டத் தொடங்கிவிட்டது. மழையா என்றால் இல்லை. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது. இறவாணம் முழுக்க, முழங்கை கனத்துக்குப் பனிக்கட்டி.

பிப்ரவரி 25

பக்கெட் நிரம்பியது. கொட்டினார். மறுபடி வைத்தார்.

பிப்ரவரி 28

டுலூத்தின் கூரைக்காரர்கள் குளிர்காலத்தில் கூரை ஏறுவதில்லை. பிக்கப் வண்டியின் முன்னால் இரும்புக் கலப்பையை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டு வாசலில் பனி தள்ளுகிறார்கள். போன் போட்டால் பதிவு செய்த குரல்தான் வருகிறது. குரல்கள் வேறு வேறு, சேதி ஒன்று: மே மாதம் கூப்பிடுங்கள்.

முதல் நாள் இது திமிர் என்று எழுதினார். இரண்டு நாள் படித்த பிறகு எழுதியது வேறு. அஸ்பால்ட் ஷிங்கிள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பசைப்பட்டை உண்டு. வெயில் பட்டு அது இளகினால்தான் மேல்வரிசை கீழ்வரிசையோடு ஒட்டும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பசை பிடிக்காது, ஷிங்கிளை வளைத்தால் விரிசல் விடும். ஒட்டாத கூரையை ஏரிக்காற்று சும்மா விடாது. ஆகவே பிப்ரவரியில் "நாளைக்கே புதுக்கூரை போட்டுத் தருகிறேன்" என்பவருக்குத்தான் பயப்பட வேண்டும்.

அப்படி ஒருவர் வரவும் வந்தார்.

மார்ச் 3

சுத்தமான பிக்கப். டுலூத்தில் மார்ச் மாதம் சுத்தமான வண்டி என்றால் அது உள்ளூர் வண்டி இல்லை என்று பொருள். இங்கே ஓடுவதெல்லாம் சாலை உப்பில் வெளுத்துக் கிடக்கும். இளைஞன், நல்ல பல்வரிசை. தெருவில் போகும்போது கூரையைப் பார்த்தானாம், மனசு கேட்கவில்லையாம்.

"முழுக் கூரையும் காப்பீட்டுல வந்துடும் மேடம். உங்க கைப்பணம் எவ்வளவு போடணும்? ஆயிரமா, ரெண்டாயிரமா? அதை நாங்களே பார்த்துக்கறோம்."

அவர் காபி கொடுத்தார். நூலகராக இருந்தவருக்கு, நம்பாத ஆளிடமும் மரியாதையாகக் கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை. லைசென்ஸ் எண் கேட்டார். அனுப்புவதாகச் சொன்னான். கார்டில் ஒரு கைப்பேசி எண்ணும் தபால்பெட்டி எண்ணும் மட்டுமே இருந்தன.

அவன் போனதும் மாநிலச் சட்டத்தைத் தேடினார். மினசோட்டாவில் ஒரே ஒரு தொழில் செய்பவருக்கு, உதாரணமாகப் பெயின்டருக்கு, குடியிருப்புக் கட்டுமான உரிமம் தேவையில்லை. கூரை வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது. மாநிலத் தொழிலாளர் துறையின் உரிமம் வேண்டும். பெயரைப் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். வீட்டுக்காரர் கையிலிருந்து போட வேண்டிய பங்கைத் தானே ஏற்பதாகக் காண்டிராக்டர் வாக்குக் கொடுப்பதற்கும் சட்டத்தில் தடை. கொடுத்தால், அவருடைய எஸ்டிமேட்டைக் காப்பீட்டு நிறுவனம் கணக்கில் எடுக்கவே வேண்டியதில்லை. வீடு தேடி வந்து விற்றவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால்கூட, ரத்து செய்ய மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு.

இந்த மாதிரி ஆட்கள் பொதுவாகக் கோடையில், கல்மழைக்குப் பின்னால், மினியாபொலிஸ் பக்கம் தெருத்தெருவாக வருவார்கள். பனிக்காலத்தில் வடக்கே இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறான் என்றால் இந்த ஆண்டுப் பனியின் புகழ் எங்கெல்லாமோ போயிருக்க வேண்டும்.

மார்ச் 4

எண் வரவில்லை.

மார்ச் 9

நீராவி இயந்திரத்தோடு ஒருவர் வந்தார். மணிக்கணக்கில் கூலி, கடைசியில் சில நூறு டாலர். வலித்தது. ஆனால் கோடாலியோடு வருபவனுக்கு அதில் பாதி கொடுத்து, ஐஸோடு ஷிங்கிளையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நீராவிக்காரர் பேச்சு விரும்பி. ஏணியில் நின்றபடியே பாடம் நடத்தினார். வீட்டுச் சூடு மச்சின் இடுக்குகள் வழியாகப் பரணுக்கு ஏறி, கூரைப் பலகையைச் சுடவைக்கிறது. மேலே கிடக்கும் பனியின் அடிப்பக்கம் உருகுகிறது. உருகிய நீர் சரிவில் இறங்கி இறவாணத்துக்கு வருகிறது. இறவாணத்துக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. நீர் அங்கே உறைகிறது. நாளுக்கு நாள் கட்டி உயர்ந்து அணையாகிறது. அணைக்குப் பின்னால் குளம். ஷிங்கிள் வழிந்தோடும் நீருக்கு ஏற்பட்டது, தேங்கும் நீருக்கு அல்ல; அடியில் புகுந்துவிடும்.

"எதிர்வீட்டைப் பாருங்க," என்றார்.

எதிர்வீட்டுக் கூரையில் இரண்டடிப் பனி, வைத்தது வைத்தபடி. இறவாணத்தில் ஒரு கூர்முனை தொங்கவில்லை. இவர் வீட்டிலோ முகட்டருகே ஷிங்கிள் வெறுமையாகத் தெரிகிறது. கீழே ஆளுயரத்துக்குப் பனிக்கூர்கள். ஜனவரியில் யாரோ வண்டியை நிறுத்தி அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைய குறிப்பின் கடைசி வரி: "அப்படியானால் கூரைக்காரர் எதற்கு?" அதை அடித்துவிட்டு, மறுநாள் அழைக்க வேண்டிய கூரைக்காரர்களின் பட்டியலை அதன் கீழேயே எழுதியிருக்கிறார்.

மார்ச் 17

டுலூத்தில் எல்லோருக்கும் ஒரு மைத்துனர் இருக்கிறார், அவர் கூரை போடுவார். தபால்காரரின் மைத்துனர், பல் மருத்துவமனை வரவேற்பாளரின் மைத்துனர். எவரும் திரும்ப அழைப்பதில்லை. எரிச்சலில் பக்கத்தின் பாதியைக் கிறுக்கி வைத்திருக்கிறார்.

பயனுள்ள சொல் கட்டடச் சாமான் விற்கும் கடையின் கவுண்டரில் கிடைத்தது. சாமான் கடனை ஒழுங்காக அடைக்கும் கூரைக்காரர் யார் என்று கேளுங்கள் என்றார் அங்கே நின்ற பெரியவர். காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஷிங்கிள் விற்ற கடைக்கோ கூலிக்கு வந்த துணைக் காண்டிராக்டருக்கோ பணம் வராவிட்டால், உரிய நோட்டீஸ் கொடுத்திருக்கும் பட்சத்தில், வேலை முடிந்த 120 நாளுக்குள் வீட்டின்மேலேயே பாத்தியதை பதியலாம். கடன் காண்டிராக்டருடையது, மாட்டுவது வீடு. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் எல்லோரிடமிருந்தும் பாத்தியதை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி.

போன வருடம் வேலை செய்த வீட்டைக் காட்டினால் நம்பாதீர்கள், பத்து வருடத்துக்கு முன்னால் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள் என்றும் அந்தப் பெரியவர் சொன்னார். அவருக்கும் மைத்துனர் இருந்தாரா என்று இவர் கேட்கவில்லை.

மார்ச் 25

ஏரிக்குக் கப்பல் விடும் சூ கால்வாய் மதகுகள் திறந்தன. கப்பல்கள் வரும்.

ஏப்ரல் 1

மறுபடி பனி. இது ஏப்ரல் முட்டாள் வேலை என்று மளிகைக்கடையில் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 12

இரண்டு எஸ்டிமேட் வந்தன.

ஒன்று வழவழப்பான கோப்பு. அட்டையில் சூரிய ஒளியில் குளித்த வீடு. அதைச் சுற்றி இருக்கும் மரங்கள் வடக்கு மினசோட்டாவில் வளர்பவை அல்ல. முழுக் கூரையையும் கழற்றிப் புதிது, இறவாணம் நெடுக மின்சாரச் சூட்டுக் கம்பி. என்னென்ன போடுவார்கள் என்ற விவரத்தைவிட மாதத்தவணை விவரம் நீளம்.

மற்றது ஒரே தாள், கையெழுத்து. பழைய அடுக்கு கழற்றுவது, புகைபோக்கியைச் சுற்றிய தகரத்தை மாற்றுவது, இறவாண விளிம்பிலிருந்து வெளிச்சுவர்க் கோட்டுக்கு உள்ளே குறைந்தது 24 அங்குலம் வரை ஒட்டுச்சவ்வு போடுவது. கடைசியில் சொன்னது கட்டட விதி. இவருக்குத் தாள்தான் பிடித்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. அந்தச் சவ்வு ஐஸ் கட்டுவதைத் தடுக்காது. புகுந்த நீரைப் பிடித்து நிறுத்துவதோடு சரி. இரண்டு பேருமே வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், போனார்கள்.

ஏப்ரல் 20

மூன்றாவது ஆள் ஏணியே எடுக்கவில்லை. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, "பரணுக்கு எந்தப் பக்கம் வழி?" என்று கேட்டார். அறுபதை ஒட்டிய வயது, ஒரு முழங்கால் சரியில்லை. சாமான் கடைப் பெரியவர் சொன்ன பெயர்களில் இவருடையதும் ஒன்று. லைசென்ஸ் எண் வண்டிக் கதவிலேயே எழுதியிருக்கிறது.

வழி, மாடி அறைத் துணி அலமாரிக்குள். மேலே ஒரு சதுரப் பலகை. அதைத் தூக்கி, தலையை மட்டும் விட்டு, டார்ச் அடித்தார். அரை நிமிடம்கூட இல்லை. பலகையை மெதுவாக, மிக மெதுவாகப் பழைய இடத்தில் வைத்துவிட்டு இறங்கினார்.

"இதை அடிக்கடி திறப்பீங்களா?"

இல்லை என்றார். கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டி அங்கே இருந்த காலம் உண்டு.

போனில் எடுத்த படத்தைக் காட்டினார். மரச்சட்டங்களுக்கு நடுவே, பழுப்பும் வெள்ளியுமாக மினுங்கும் சிறு துணுக்குகள், படுகை படுகையாக. வெர்மிகுலைட். சூடாக்கினால் நெல் பொரிவதுபோலப் பொரிந்து உப்பும் கனிமம். பையைப் பிரித்துப் பரணில் கொட்டினால் போதும், வீட்டில் சூடு தங்கும் என்று விற்றார்கள். சிக்கல் அது வந்த இடம். 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் மான்டானாவில் லிபி என்ற ஊரின் ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தப் பாறையோடு ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருந்தது.

கூரைக்காரர் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினார். ஷிங்கிள் இன்னும் ஐந்தாறு வருடம் தாங்கும், அவசரமில்லை. வேலை பரணில்தான்: புகைபோக்கி ஓரம், குழாய் ஏறும் துளை, உட்சுவர்களின் தலைப்பு, எல்லா இடுக்கையும் அடைத்து அதன்மேல் ஓரடிக்கு மேல் செல்லுலோஸ் ஊத வேண்டும். ஆனால் கீழே கிடப்பதைக் கிளறாமல் எதையும் அடைக்க முடியாது. பழைய கூரையைப் பிய்த்து ஆணி அடித்தாலும் அது அதிரும், தூசு எழும்.

"முதல்ல அதை எடுக்கணும். அது எங்க வேலை இல்ல. அதுக்குத் தனி லைசென்ஸ் உள்ளவங்க இருக்காங்க."

பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றார். வாழைப்பழ ரொட்டியில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 21

அலமாரிப் பலகையின் நாலு ஓரமும் டேப் ஒட்டினார். துணியெல்லாம் கீழே.

ஏப்ரல் 28

டுலூத்தின் பழைய பனிச்சாதனை, 1995–96இன் 135.4 அங்குலம், இந்த மாதம் உடைந்தது. (பருவம் முடிந்தபோது கணக்கு 140.1இல் நின்றது.) உள்ளூரில் அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள்.

இவர் நூலகத்திலிருந்து லிபியைப் பற்றியே எடுத்து வருகிறார். சுரங்கம் 1990இல் மூடியது. ஊர் முழுக்க நோய் என்று 1999இல் செய்தி வெடித்தது. 2009இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அந்த முகமை அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை. சுரங்கத்தின் சரக்கு மினியாபொலிஸின் வடகிழக்குப் பகுதி ஆலைக்கும் ரயிலில் வந்தது. ஆலைக் கழிவை இலவசம் என்று வெளியே குவித்து வைக்க, அக்கம்பக்கத்தார் அள்ளிப்போய் வாசலிலும் தோட்டத்திலும் கொட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் அந்தக் குவியலில் ஏறி விளையாடினார்கள்.

இரவு தூக்கமில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று ஒரு பக்கம். கீழேயே, வேறு மையில்: கலைக்காமல் கிடந்தால் காற்றில் வராது, அப்படித்தான் முகமையே சொல்கிறது, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்.

பக்கெட் பத்து நாளாகக் காய்ந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மே 9

காப்பீடு: மச்சுப் பலகைக்கும் பெயின்டுக்கும் உண்டு. ஐஸ் நீக்கிய செலவு இல்லை. பரண் "முன்பே இருந்த நிலை". பரிசோதனைக்குக் கொடுக்கலாமா என்று பார்த்தால், மாதிரி எடுப்பதே கிளறுவதுதான். வெர்மிகுலைட் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸும் உண்டு என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது முகமை. லிபியின் சரக்குதான் என்று காட்ட முடிந்தால், அகற்றும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒரு அறக்கட்டளை இருக்கிறது. சுரங்க நிறுவனத்தின் திவால் வழக்கிலிருந்து வந்தது. மனு, படங்கள், ரசீதுகள். நோட்டு இதற்கும் ஆகும்.

அகற்றுபவர்களுக்கு உரிமம் கொடுப்பது தொழிலாளர் துறை இல்லை, சுகாதாரத் துறை. புதுப் பட்டியல், புது எண்கள், பதிவு செய்த புதுக் குரல்கள்.

மே 16

வழவழப்பான கோப்புக்காரர் அழைத்தார். வெள்ளிக்கிழமை வரை வசந்தகாலத் தள்ளுபடி. பரணைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார் இவர்.

"கூரை போட அது எதுக்கு மேடம்?"

ஜூன் 6

அகற்றும் நிறுவனம் ஆகஸ்ட் கடைசியில் வரலாம் என்கிறது. 'லாம்' என்பதை இவர் அடிக்கோடிட்டிருக்கிறார். முழங்கால் சரியில்லாத கூரைக்காரர் பரணை அடைக்கத் தெரிந்த ஒரு குழுவின் எண் கொடுத்தார். அவர்களுக்குச் செப்டம்பர் நிறைந்துவிட்டது. அக்டோபர் இரண்டாம் வாரத்தைப் பென்சிலில் குறித்திருக்கிறார்கள். 1991இல் இதே ஊரில் ஹாலோவீன் அன்று தொடங்கிய புயல் 36.9 அங்குலம் கொட்டிவிட்டுப் போனது. அந்தத் தேதியையும் பக்கத்தில் எழுதி, இடையில் எத்தனை வாரம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வேறொரு பெண் அழைத்தாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.