கரைவலையும் கிற்றாரும்

இசையில் இரு வகை உண்டு என்பர் நம் பெரியோர். ஒன்று சபையேறும் இசை. மற்றொன்று சபையேறா இசை. முன்னையதற்குப் பள்ளியும் பட்டமும் பரிசும் உண்டு. பின்னையதற்கு மக்கள் வாயன்றி வேறு இருப்பிடம் இல்லை. நாம் இங்கு எழுதப் புகுந்தது பின்னையதைப் பற்றியே. கல்லூரி விழா மலரில் பொப்பிசைக்கும் இடமா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள், இச்சிறு கட்டுரையை முற்றும் படித்த பின்னர்த் தீர்ப்பளிப்பார்களாக.

1960களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் என்னும் இளைஞர் கிற்றாரைக் கையிலேந்தித் தமிழிலே பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்னும் இரு பாடல்களும் அவர் பெயரை நாடெங்கும் பரப்பின. அந்நாளில் நம் வானொலிப் பெட்டிகளில் ஒலித்தவை பெரும்பாலும் தென்னிந்தியத் திரைப்படப் பாடல்களே. அப்பாடல்களை ஒருவர் எழுதுவார், ஒருவர் இசையமைப்பார், ஒருவர் பாடுவார், திரையிலே வாயசைப்பவர் நான்காமவர். இவரோ தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடினார். சொல்லும் சுரமும் குரலும் ஒரே நெஞ்சிலிருந்து பிறந்தன. நம் நாட்டுத் தமிழ் இளைஞருக்கு அது புதுமை.

மேலைநாட்டிலும் அக்காலத்தில் இவ்வகைப் பாடகர் தலையெடுத்தனர். அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் 1962இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலே பதின்மூன்று பாடல்களுள் இரண்டே அவர் இயற்றியவை. ஏனையவை பழம்பாடல்களும் பிறர் பாடல்களுமே. மறு ஆண்டு வந்த இரண்டாம் தட்டில் இரண்டு நீங்கலாக அனைத்தும் அவருடையவை. முன்னோர் பாட்டை முதலில் நன்கு கற்று, அதன் மேல் நின்றே தம் பாட்டை அவர் கட்டினார் என்பது இதனால் விளங்கும். 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபொழுது, பாட்டும் இலக்கியமாமோ என்ற பழைய வினா உலகெங்கும் மீண்டும் எழுந்தது. பாணரும் விறலியரும் பாடித் திரிந்த மொழிக்கு உரிய நாம் அவ்வினாவைக் கேட்டு வியப்பதற்கில்லை.

நித்தியின் முதற்பாடல்களில் நிலவும் இல்லை, தாமரையும் இல்லை. உள்ளவை வேலியும் முற்றமும் வீட்டுப் பேச்சுமே. 'சின்ன மாமியே' பாடலில் இளைஞன் ஒருவன் மாமியிடம் அவர் மகளைப் பற்றி வினவுகிறான். மாமி விட்டுக்கொடாமல் விடை பகர்கிறார். இவ்வளவே பொருள். ஆயினும் முறைப்பெண்ணை நினைந்து உருகும் மருமகனும், அவன் எண்ணத்தை அறிந்தும் அறியாதவர் போன்று பேசும் மாமியும் நம் கண்முன் வந்து நிற்கின்றனர். மேடை நாடகம் ஒரு நாழிகையிற் செய்வதை இச்சிறு பாட்டு ஒருசில நிமிடத்திற் செய்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தான் பாட்டுக்குப் புத்தளக் கரையில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு. உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டுப் பாடுவதைக் கேட்டவர் அறிவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பற்றிய அனைவரும் ஒரே குரலில் ஏற்றுப் பாடுவர். பாட்டின் தாளத்துக்கே கயிறு கரையேறும். நித்தியின் பாடல்களும் ஒருவர் பாடப் பலர் ஏற்கும் பாங்கின. மேலும், அவற்றின் துள்ளல் நடை பைலாவின் வழி வந்தது. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் பைலா. புத்தளத்துக்கு அணித்தான சிறாம்பியடியில், ஆபிரிக்க மரபினரான காப்பிரி மக்கள் தம் முன்னோரின் போர்த்துக்கேயக் கலப்புமொழிச் சொற்களோடு மஞ்சா பாடி ஆடுவதை நம் மாவட்டத்தார் அறிவர். ஆகவே, உரும்பிராய்க் கிற்றாரின் தாளம் நம் கரைக்கு விருந்தாளியாக வரவில்லை, உறவினனாகவே வந்தது.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாடலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திற் கள் பெரும்பாலும் பனையிலிருந்து வருவது. நம் மாவட்டமோ தென்னை நாடு. மரம் வேறாயினும் வீட்டின் துயரம் ஒன்றே. நாம் விடுதியிலிருந்து கற்ற காலத்தில், கலைநிகழ்ச்சி ஒன்றிலே மாணவர் அனைவரும் கைதட்டி அப்பாடலைப் பாடினர். நம் வகுப்புத் தோழர் ஒருவர் மாத்திரம் வாய்திறவாது அமர்ந்திருந்தார். அவர் தந்தையார் கரைவலையிற் கிடைத்த பங்கை வாங்கிய கையோடு கள்ளுக்கொட்டிலுக்குச் செல்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். விடுமுறையில் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபொழுது, அவருடைய தங்கை, சிறு பிள்ளை, வானொலியிற் கேட்ட அப்பாட்டை அடுப்படியில் விளையாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு இறங்கிய தந்தையார் நின்றார், பிள்ளையைப் பார்த்தார், சால்வையை மீண்டும் கொடியில் இட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டார். அவர் குடியை அன்றோடு விட்டார் என்று எழுத நமக்கு ஆசையே. ஆயினும் அது உண்மையன்று. அன்று ஒரு மாலை அவர் வீட்டிலிருந்தார். அறிவுரைகள் பல செய்யாததை ஆட்டப் பாட்டு ஒன்று ஒரு மாலைக்கேனும் செய்தது. அதனைச் சிறிதென்று நாம் கொள்வதில்லை.

இவ்வழியில் வந்த மற்றொருவர் ஏ. ஈ. மனோகரன். சிங்களமும் தமிழும் கலந்து அவர் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது. அதன் பொருள்தான் யாது? சுராங்கனி என்பாளுக்கு ஒருவன் மீன் கொண்டுவருகிறான்! கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் ஈறாக, இரு மொழியிலும் மீன் விலை பேசும் நம் மக்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. மொழியின் பெயரால் நாடு பிளவுண்ட காலத்தில் இரு மொழியாரையும் ஒரே தாளத்தில் ஆடச்செய்த பாட்டை வெறும் கூத்தென்று தள்ளுதல் தகாது.

குறைகளும் உண்டு. சில பாடல்களில் எதுகைக்காக வந்த சொற்கள் பொருளை மறைக்கின்றன. பின்வந்தோர் சிலர் துள்ளலை மாத்திரம் எடுத்துக்கொண்டு சொல்லைக் கைவிட்டனர். முதற்பாடல்களின் சிறப்பு அவற்றின் எளிமையே; சொல்ல வேண்டியதொன்று இருந்தமையால் அவை பிறந்தன.

காலம் அத்தலைமுறையைச் சிதறடித்தது. நித்தி அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். மனோகரன் 2018 ஜனவரியிற் சென்னையில் மறைந்தார். 'சின்ன மாமியே' பாடலை ஆக்கியோன் பெயரறியாத நாட்டுப்பாடல் என்றே எண்ணுவோரும் இன்று உளர். பாட்டு வாழ்ந்து பாடியவன் பெயர் மறைவது புகழா, வறுமையா என்பதை அறிஞர் ஆய்க.

இந்நிலையில் நம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். பரணிலும் பெட்டியிலும் பழைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வைத்திருப்போர் பலர் இருத்தல் கூடும். வெயில் தட்டை வளைக்கும். நம் கரையின் உப்புக்காற்றும் ஈரமும் நாடாவைப் பூஞ்சணத்துக்கு இரையாக்கும். அவற்றைக் கல்லூரி நூலகத்துக்கு அளித்துதவினால், ஆக்கியோர் பெயரையும் ஆண்டையும் குறித்துப் பிரதியெடுத்து வைக்க இயலும். உடப்பின் அம்பாப் பாட்டையும் உடன் பதிவுசெய்து அருகில் வைப்போமாக. நாளைய மாணவன் ஒருவன் இரண்டையும் கேட்டுவிட்டுக் கிற்றாரை எடுப்பானாயின், அவன் பாடும் மூன்றாவது பாட்டு நம் கரையின் சொந்தப் பாட்டாக அமையும்.